பட்டறை பீரோவை வீட்டு பீரோ ஆக்குவது: டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருவாரூர் பக்கம் என் பெரியப்பா மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். அங்கே ஆறடி உயர இரும்பு பீரோ ஒன்று நின்றது. 2018 நவம்பர் 16 பின்னிரவில் கஜா புயல் கரையேறியபோது பட்டறைக் கூரையில் பாதி பறந்துவிட்டது. புது ஷீட் கிடைத்து மேலே போடும்வரை பீரோ நனைந்துகொண்டே நின்றது. அதற்கப்புறமும் அதைத் துடைத்துப் போட்டு நாலு வருடம் ஓட்டினார். கடையை மூடும்போது காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்டார். நான் குறுக்கே விழுந்து வாங்கிக்கொண்டேன்.

இந்த வேலையை நான் இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்து, தீபாவளிக்கு முன்னால் அவசரமாகப் பெயிண்ட் அடித்தேன். பார்ப்பதற்குப் புது பீரோ மாதிரிதான் இருந்தது. பொங்கலுக்குள் அடிப்பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. நம் ஊர் ஈரத்துக்குக் கதவின் பளபளப்பு ஒரு பொருட்டே இல்லை. அது அடித்தகட்டிலும் முதுகுத் தகட்டின் மடிப்பிலும்தான் நுழைகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, கண்ணுக்குத் தெரியாத இடங்களைப் பற்றித்தான்.

வாங்கும் முன் தட்டிப் பாருங்கள்

பட்டறை பீரோக்களின் தகடு பெரும்பாலும் 18, 20 அல்லது 22 கேஜ். மில்லிமீட்டரில் முறையே சுமார் 1.2, 0.9, 0.7. எண் கூடினால் தகடு மெல்லிசு. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ இருக்கும். ஆறடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம், நாலு தட்டு உள்ள பீரோவில் எல்லாத் தகடும் சேர்த்து சுமார் ஏழரை சதுர மீட்டர் வரும். 20 கேஜ் என்றால் தகடு மட்டுமே 50 கிலோவைத் தாண்டும். 22 கேஜ் என்றால் 40-ஐ ஒட்டி நிற்கும். இரண்டு ஆள் ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். எடைக்கு விற்கிறவரிடம் கனமான பீரோவுக்கு விலை கூடத்தான் செய்யும். கொடுக்கலாம்.

அடுத்து, பீரோவைச் சாய்த்து அடியைப் பாருங்கள். ஸ்குரூ டிரைவர் முனையால் அடித்தகட்டை அங்கங்கே அழுத்துங்கள். மேலே துருவாக இருந்தாலும் முனை உள்ளே போகாவிட்டால் நல்ல தகடு. பொத்துக்கொண்டு போனால் அந்த இடத்தை வெட்டி மாற்ற வேண்டும். அடித்தகடு மட்டும் போயிருந்தால் கவலை இல்லை, மாற்றிவிடலாம். நாலு மூலைச் சட்டமும் அரித்திருந்தால் விட்டுவிட்டு வேறு பாருங்கள். பீரோவின் வாய்ச்சட்டத்தில் மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணவில்லை. கோணிய பீரோவின் கதவு என்ன செய்தாலும் ஒழுங்காகச் சாத்தாது.

இந்தப் பக்கத்துக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. உரக்கடையிலோ களத்துமேட்டுக் கொட்டகையிலோ பூச்சிமருந்து வைத்திருந்த பீரோ என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். மடிப்புக்குள் இறங்கிய மருந்தைக் கழுவி எடுத்துவிட்டோம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பேட்டரி வைத்திருந்த பீரோ என்றால் பரவாயில்லை. அமிலம் சிந்திய இடத்தில் சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றி, நுரை வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவினால் சரியாகிவிடும்.

எந்த மாதத்தில் தொடங்குவது

ஐப்பசி, கார்த்திகை கூடவே கூடாது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பெயிண்ட் அடிக்காமல் இருப்பதே நல்லது. அந்த இரண்டு மாதத்தில் பாதி நாள் அப்படித்தான் இருக்கும். மார்கழியில் காலைப் பனி தகட்டில் முத்து முத்தாக நிற்கும். தை, மாசியில் வெயில் நன்றாக இருக்கும், ஆனால் அது சம்பா அறுவடை நேரம். அறுவடை மெஷின் ஓடும் வயலுக்குப் பக்கத்தில் வீடு என்றால், ஈரப் பெயிண்டில் தூசும் சுணையும் வந்து ஒட்டும். பங்குனிதான் எனக்குப் பிடித்த மாதம். சித்திரையும் ஆகும், ஆனால் நடுப்பகல் வெயிலில் தகடு தோசைக்கல்லாகச் சுடும். அதன்மேல் அடித்தால் பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து பிரஷ் தடம் நின்றுவிடும். நிழலில், காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும். இருட்டிய பிறகு லைட் போட்டுக்கொண்டு அடிக்கவே அடிக்காதீர்கள். வயலில் பயிர் நிற்கும் காலமாக இருந்தால் தத்துப்பூச்சிக் கூட்டம் முழுவதும் உங்கள் கதவில்தான் இருக்கும்.

கழற்றுவது

கைபேசியில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாகப் பூட்டின் உள்பக்கத்தை. கைப்பிடியைத் திருகினால் மேலும் கீழும் போகிற கம்பிகள் எப்படி மாட்டியிருக்கின்றன என்பது கழற்றிய மறுநாளே மறந்துபோகும். பீரோவைச் சாக்குமேல் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுக் கதவைக் கழற்றுங்கள். நிற்கவைத்துக் கழற்றினால் கடைசி கீல் விடும்போது கதவு காலில்தான் விழும்.

துருப்பிடித்த நட்டை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். டீசல் நாலு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் முதலில் இறுக்கும் திசையில் ஒரு சின்ன அசைவு, அப்புறம் கழற்றும் திசையில். அப்படியும் வராவிட்டால் தலையை வெட்டிவிட்டுப் புது போல்ட் போடுங்கள். இரண்டு ரூபாய் போல்ட்டுக்காக ஒரு மணி நேரம் போராடுவதில் அர்த்தமில்லை. சாவி இல்லாவிட்டால் பூட்டை உடைக்காமல் கழற்றி, சாவி செய்பவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எண்ணெய் முதலில், துரு பிறகு

முதல் தடவை நான் செய்த இன்னொரு தப்பு இது. எண்ணெய்ப்பிசுக்கோடு உப்புத்தாள் போட்டால் பிசுக்கு போகாது, தேய்த்த கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் எந்த பிரைமரும் பிடிக்காது. பட்டறை பீரோ என்றால் கிரீஸ், காயில் வார்னிஷ், வெட்டெண்ணெய் என்று இருபது முப்பது வருடப் படிவு இருக்கும். கெட்டிப் படிவைப் பட்டிக் கத்தியால் சுரண்டுங்கள். டீசல் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். பிறகு வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு தென்னை நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். டீசல் துணியை உருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

சுத்தமாகிவிட்டதா என்பதைத் தண்ணீரே சொல்லும். தகட்டில் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். தாமரை இலையில் போல உருண்டு நின்றால் எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். ஒரே படலமாகப் பரவி வழிந்தால் போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில், கடைசி அலசலைக் குழாய்த் தண்ணீரிலோ சேர்த்துவைத்த மழைநீரிலோ செய்யுங்கள். தகட்டில் தங்கும் உப்பு பெயிண்டுக்கு அடியிலிருந்தே துருவைக் கிளப்பும்.

துருவில் மூன்று வகை

மஞ்சள் பொடியாகக் கையில் ஒட்டும் துரு ஒன்றுமில்லை, 120 எண் உப்புத்தாளுக்கே போய்விடும். காபிப்பொடி நிறத்தில் சொரசொரவென்று இருப்பதற்கு வயர் பிரஷ் வேண்டும். கிரைண்டரில் மாட்டும் கப் பிரஷ் இருந்தால் பாதி நேரம் மிச்சம். கண்ணாடி போடாமல் அதைத் தொடாதீர்கள். சுற்றும் வேகத்தில் கம்பி ஒவ்வொன்றாகப் பிய்ந்து ஊசி மாதிரி வரும். என் சட்டையில் ஒன்று குத்தி நின்றது. மூன்றாவது, ஏடு ஏடாக உரியும் துரு. அதைத் தட்டித் தட்டி எடுத்துவிட்டு அடியில் தகடு மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய பெயிண்ட் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. நன்றாகப் பிடித்திருக்கும் இடத்தை 220 எண் தாளால் மங்கலாக்கினால் போதும். ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய எனாமல்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய பெயிண்ட் இருக்கும் பரப்பில் கிரைண்டர் ஓட்டாதீர்கள். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துக் கையால் தேயுங்கள். மூக்குக்கு நல்ல மாஸ்க் போடுங்கள். கீழே தார்ப்பாய் விரித்து, விழுகிற சேற்றைத் திரட்டிப் பையில் கட்டிவிடுங்கள். கீரைப்பாத்தி பக்கமோ மாட்டுத்தொட்டிப் பக்கமோ கழுவிவிடக் கூடாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இந்த ஒரு நாள் வேலையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீல், போல்ட், கைப்பிடி மாதிரி சின்ன சாமான்களுக்குத் தேய்ப்பு வேலையே வேண்டாம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்டை லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாலே துரு கழன்றுவிடும். சோடாத் தண்ணீரில் ஒரு முக்கு, அப்புறம் நல்ல தண்ணீர், உடனே துணியால் துடைத்து வெயிலில் வைத்துவிடுங்கள். பூட்டு ஸ்பிரிங்கை மட்டும் இதில் போடாதீர்கள். அமிலத்தில் ஊறிய ஸ்பிரிங் படக்கென்று ஒடியும்.

மடிப்புக்குள் பிரஷ் போகாத இடங்களுக்குக் கடையில் துரு கன்வெர்ட்டர் என்று கேளுங்கள். பாஸ்பாரிக் அமிலம் கலந்தது. மிஞ்சிய துருவைக் கறுப்பான இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிவிடும். டப்பாவில் சொன்ன நேரம் காயவிட்டுத்தான் அடுத்த வேலை.

வெறும் தகடாகத் தேய்த்த பகுதிக்கு அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். நம் ஊர்க் காற்றில் ராத்திரி தாண்டினால் காலையில் மறுபடி லேசாகச் செம்பழுப்பு பூத்திருக்கும். எனவே ஒரு நாளில் எவ்வளவு பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவு மட்டும் தேயுங்கள். நான் முதுகு ஒரு நாள், உடம்பு ஒரு நாள், கதவும் தட்டும் ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டேன்.

அடித்தகடு

என் பீரோவில் அடித்தகடு முழுதும் போயிருந்தது. நல்ல தகடு தொடங்கும் இடம்வரை வெட்டி எடுத்துவிட்டு, 18 கேஜ் சி.ஆர். ஷீட்டில் (சூடாக்காமல் உருட்டிய வழவழப்பான இரும்புத் தகடு) புதுத் தகடு வெட்டி, ஓரம் மடித்துக்கொண்டுவந்தேன். மெல்லிய தகட்டில் கேட் வேலை செய்கிறவர் மாதிரி ஆர்க் வெல்டிங் வைத்தால் பொத்துக்கொண்டே போகும். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் சி.ஓ.2 வெல்டிங் இருக்கும், அங்கே போங்கள். முழு நீளத்துக்கும் பற்றவைக்கச் சொல்லாதீர்கள். சூட்டில் தகடு நெளியும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு பொட்டு போதும். வெல்டிங்குக்கு முன்னால் டீசல் வாடை சுத்தமாகப் போயிருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெல்டிங் வேண்டாம் என்றால் பாப் ரிவெட் அடிக்கலாம். இரண்டு தகடும் படியும் இடத்தில் முன்கூட்டியே பிரைமர் தடவிவிட்டு ரிவெட் போடுங்கள். வீட்டுச் சாமான் எடைக்கு அது தாராளம்.

இதே சமயத்தில் முதுகுத் தகட்டின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் நாலு நாலு துளை போட்டு, உள்பக்கம் கொசுவலைக் கம்பியை ஒட்டிவிடுங்கள். பட்டறையில் பீரோ நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். வீட்டில் மூடியே இருக்கும். காற்று போகாவிட்டால் அடைமழையில் துணி பூஞ்சணம் பூக்கும். வலை போடாவிட்டால் அந்தத் துளை வழியாகக் கரப்பானும் பல்லியும் குடிவரும்.

டிங்கரிங்

சொட்டைகளைப் பின்பக்கம் மரக்கட்டை அண்டக்கொடுத்து, முன்பக்கம் ரப்பர் சுத்தியால் மெதுவாகத் தட்டினாலே முக்கால்வாசி எடுத்துவிடலாம். மிச்சப் பள்ளத்தை நிரப்பத்தான் பட்டி என்ற பசை. நான் கரண்டி கரண்டியாக அப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்த பட்டறை டிங்கர் சிரித்துவிட்டார். "தம்பி, இது சுவத்துக்குப் பூசற சிமெண்டு இல்லைங்க. தகட்டைத் தட்டி எடுங்க, பட்டி பவுடர் பூசற மாதிரி இருந்தா போதும்." மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி நின்றால் கதவைச் சாத்தும் அதிர்ச்சியில் ஒருநாள் பெயர்ந்து விழும். கெட்டியாக்கி கலந்து போடும் கார் பட்டியைத் தேய்த்த வெறும் தகட்டின்மேல் போட வேண்டும், ரெட் ஆக்சைடு பிரைமரின்மேல் அல்ல. நுண்ணிய கீறல்களுக்கான பட்டிதான் பிரைமருக்கு மேலே.

எல்லாச் சொட்டையையும் எடுத்தாக வேண்டும் என்றில்லை. ஹேமர் டோன் பெயிண்ட் அடித்தால் அதன் புள்ளிப் பரப்பே மேடு பள்ளத்தை மறைத்துவிடும். பழைய மெஷின்களுக்கு அதை அடித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரைமரும் பெயிண்டும்

உள்ளும் புறமும் சேர்த்து சுமார் 15 சதுர மீட்டர். ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு லிட்டர், எனாமல் மூன்று லிட்டர், டர்பண்டைன் ஒரு லிட்டர் வாங்குங்கள். கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சட்டும். பிரைமர் ஒரு கை எங்கும், அடித்தகட்டின் அடிப்பக்கத்துக்கும் முதுகுக்கும் இரண்டு கை. பிரைமர் காய்ந்ததும் உள்மடிப்பு, ஓரம், வெல்டிங் பொட்டு எல்லாவற்றிலும் பெயிண்ட் பிடிக்கும் சீலன்ட்டை ஒரு கோடாக இழுத்து விரலால் அழுத்துங்கள். சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் நிற்காது. என் பீரோவை இரண்டாவது தடவை காப்பாற்றியது இந்தக் கோடுதான் என்று நினைக்கிறேன்.

எனாமலை மெல்லிசாக இரண்டு கை அடியுங்கள், நடுவில் ஒரு ராத்திரி இடைவெளி. முதல் கை காய்ந்ததும் 400 வாட்டர் பேப்பரால் லேசாக ஒரு தடவு. ஒரே கையில் தடிப்பாக அடித்தால் மேலே காய்ந்து உள்ளே காயாமல் தோல் சுருங்கும். ஸ்பிரே வேண்டும் என்றால் டிங்கர் பட்டறையில் கதவை மட்டும் கொடுத்து அடித்துக்கொள்ளலாம். உள்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் பிரஷ்தான் நல்லது; மூலைக்குள் அழுத்தித் தேய்க்க முடியும். பவுடர் கோட்டிங் நல்ல வேலைதான். ஆனால் 180, 200 டிகிரி அடுப்பில் வேகவைப்பது அது. அடுப்புக்குள் பீரோ நுழைய வேண்டும், பட்டி போட்ட தகடு அந்தச் சூட்டைத் தாங்காது.

கை வைத்தால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே சாமான் அடுக்காதீர்கள். கதவைத் திறந்துபோட்டு பத்து நாள் விட்டுவிடுங்கள். வாடை போக வேண்டும், பெயிண்ட் இறுக வேண்டும். முந்தினால் அடியில் வைத்த பாத்திரத்தின் வட்டம் தட்டில் அப்படியே பதிந்துவிடும்.

உள்ளே என்ன, எப்படி

தட்டுகள் போல்ட் போட்டவை என்றால் இடைவெளியை மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்பேனருக்கும் பேரிங்குக்கும் வைத்த அளவு துணிக்கு ஒத்துவராது. கனமான பித்தளை அண்டாவும் வெண்கலப் பானையும் கீழே, புத்தகம் நடுவில், துணி மேலே. இரும்புத் தட்டில் ரப்பர் பாய் துண்டு போட்டால் கீறாது, சத்தமும் வராது. பட்டுப்புடவையைத் தகட்டில் பட வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அரிசி, பருப்பு, தின்பண்டம் மட்டும் இதில் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் இது மோட்டார் எண்ணெய் குடித்து வளர்ந்த பீரோ.

உள் கதவில் பெரியப்பா வெள்ளைப் பெயிண்டில் கம்பி கேஜ் எண்களை வரிசையாக எழுதிவைத்திருந்தார். அந்த ஒரு முழ இடத்தைத் தேய்க்காமல், சுற்றி டேப் ஒட்டிவிட்டு மற்ற இடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்தேன். வீட்டுக்கு வந்த பெரியப்பா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "பத்துக்குப் பதினொண்ணு ஸ்பேனர் ரெண்டாவது தட்டுல இருந்துச்சே, எங்கடா?" என்றார். உண்மையிலேயே இருந்தது. இந்த பீரோவைக் கழற்றியதே அதை வைத்துத்தான்.

நிறுத்தும் இடம்

சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவர் எது என்று உங்களுக்கே தெரியும், அந்தப் பக்கம் வேண்டாம். நாலு மூலைக்கும் கிரானைட் துண்டு வைத்து மூன்று அங்குலமாவது தூக்குங்கள். கல்லுக்கும் காலுக்கும் நடுவில் ரப்பர். எறும்புக்காகக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழக்கம் மர அலமாரிக்குச் சரி, இதற்கு வேண்டாம்.

மேலே இரண்டு இடத்தில் எல் ஆங்கிள் வைத்து, சுவரில் ஆங்கர் போல்ட் அடித்துக் கட்டாயம் பிடித்துவிடுங்கள். கதவு இரண்டையும் திறந்துவிட்டு ஒரு குழந்தை கீழ்த்தட்டில் ஏறினால் ஆறடி பீரோ முன்னால் சாயும். பட்டறையில் அந்தப் பயம் இல்லை, வீட்டில் உண்டு.

மிச்சப் பெயிண்டை ஒரு சின்ன பாட்டிலில் வழிய வழிய ஊற்றி, இறுக்கி மூடி, மேல் தட்டில் வையுங்கள். புரட்டாசி கடைசியில் ஒருநாள் டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். எங்காவது ஊசிமுனை அளவு துரு தெரிந்தால் தேய்த்து, பிரைமர் ஒரு பொட்டு, அந்தப் பாட்டிலிலிருந்து பெயிண்ட் ஒரு பொட்டு. கீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. அரை மணி நேர வேலைதான், மழை பிடிப்பதற்குள் முடித்துவிடுங்கள்.